அறுந்த கேசட், அணைந்த போன்

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்கு நேராக மேசைக்கே போய்விடலாம், கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? ஒரு கேசட், ஒரு சின்ன ஸ்டார் ஸ்குரு டிரைவர், ஒரு புது பிளேடு, ஒரு பென்சில், மெல்லிய துணிக் கையுறை. அந்த ஓரத்தில் கவிழ்ந்து கிடப்பது என்னுடைய பழைய போன். அது அணைந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததற்குக் காரணம் உண்டு, வேலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

கேசட்டில் இருப்பது அப்பா குரல். எனக்கு நாலு வயதில் அப்பா என்னை மடியில் உட்காரவைத்து, டேப் ரெக்கார்டரில் சிவப்பு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்கி, என்னை ஒன்று இரண்டு எண்ணச் சொல்லிப் பதிந்தது. போன வாரம் ரொம்ப வருஷம் கழித்து அதை எடுத்துப் போட்டேன். எட்டாவது நிமிடத்தில், நான் பதினாறு சொல்லி முடித்ததும், சத்தம் குழைந்து இழுத்தது. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் நாடா உள்ளே சிக்கிவிட்டது. எஜெக்ட் அமுக்கினால் கேசட் வெளியே வருகிறது, நாடா வரவில்லை, அப்படியே வால் மாதிரி நீண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. கேசட் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும், அந்த வயிற்றுக் கலக்கமும் தெரியும். மெதுவாகத்தான் எடுத்தேன், ஆனாலும் அறுந்துவிட்டது.

ஏன் சிக்குகிறது என்று பலருக்குத் தெரியாது, நாடா பழசு என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் நாடாவின் மேல் தப்பு இருக்காது. பிளேயருக்குள் ஒரு மெல்லிய இரும்புத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும், அதன்மேல் ஒரு ரப்பர் ரோலர் அழுந்தும், இந்த இரண்டும்தான் நாடாவைப் பிடித்து ஒரே வேகத்தில் தள்ளுகின்றன, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். தள்ளிவிட்ட நாடாவை வலது பக்கச் சக்கரம் சுருட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சக்கரத்தை இழுக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்துபோனால், தள்ளுகிறவன் தள்ளிக்கொண்டே இருக்கிறான், வாங்குகிறவன் நின்றுவிட்டான், நாடா எங்கே போகும்? ரோலரைச் சுற்றிக்கொள்ளும். என் பிளேயரில் பெல்ட்டைத் திறந்து பார்த்தேன், கையில் தார் மாதிரி ஒட்டியது. அத்தனை வருஷம் சும்மா கிடந்த ரப்பர் இளகிவிட்டிருக்கிறது. பெல்ட்டை மாற்றி, நாடாவில் இருக்கிற சத்தத்தைப் படிக்கிற ஹெட்டையும் ரோலரையும் துடைத்துவைத்துவிட்டேன். உங்களிடம் பழைய பிளேயர் இருந்தால் முக்கியமான கேசட்டை முதலில் போடாதீர்கள், போனால் போகட்டும் என்கிற கேசட் ஒன்றைப் போட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை, அதனால்தான் இன்றைக்கு இந்த வீடியோ.

சரி, திறக்கலாம். ஐந்து ஸ்குரு, நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று. எல்லா கேசட்டும் இப்படி வராது, சிலவற்றில் வெளிக்கூட்டை இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியே விட்டிருப்பார்கள், அதைத் திறக்க வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும். அப்பா வாங்கியது ஸ்குரு போட்டது. மேல் மூடியை எடுக்கும்போது அவசரப்படக் கூடாது, உள்ளே வழவழப்பான ஒரு தாள் இருக்கும், அது கூடவே வந்தால் நாடாச் சுருள் மொத்தமும் குலையும். இதோ. இரண்டு சக்கரம், மூலையில் இரண்டு சின்ன உருளை, முன்னால் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கிற ஒரு துண்டு ஃபெல்ட் துணி, அவ்வளவுதான் இதன் உள்ளே. சக்கரத்தின் நடுவில் ஆறு பல் இருக்கிறதா, அதில்தான் ஆறுபட்டைப் பென்சில் கச்சிதமாக உட்காரும். பென்சிலுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை, ஆனால் உலகம் முழுக்க இருந்தவர்களும் அதை அவரவராகவே கண்டுபிடித்தார்கள், எனக்கு அது இன்னும் பிடித்த விஷயம்.

1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை முதலில் காட்டியது. இதை உருவாக்கிய பிலிப்ஸ் நிறுவனக் குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ், தன் கோட்டுப் பைக்குள் போகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு, கருவி இந்த அளவுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர். பிலிப்ஸ் இந்த வடிவமைப்பை மற்ற நிறுவனங்களுக்குக் கட்டணம் இல்லாமல் திறந்துவிட்டது. எந்த நிறுவனத்தின் கேசட்டும் எந்த நிறுவனத்தின் பிளேயரிலும் ஓடியதே, அது அதனால்தான். ஒரே தடமான மோனோவில் பதிந்தது இரண்டு தடமான ஸ்டீரியோ பிளேயரிலும் ஓடும், ஏனென்றால் மோனோ தடத்தின் அகலத்துக்குள்ளேயே ஸ்டீரியோவின் இரண்டு தடத்தையும் அடக்கிவிட்டார்கள். அப்பாவின் ரெக்கார்டர் மோனோ, என் பிளேயர் வேறு நிறுவனத்தின் ஸ்டீரியோ, நடுவில் எத்தனையோ வருஷம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

எல்லாரும் வாக்மேனைத்தான் கொண்டாடுவார்கள். 1979 ஜூலையில் வந்தது, நடந்துகொண்டே பாட்டு கேட்கவைத்தது, பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் வாக்மேனால் பதிய முடியாது. நான் டேப் ரெக்கார்டர் கட்சி. வீட்டில் இருந்த ஒரு சாதாரண மனிதர், எந்தப் பயிற்சியும் இல்லாமல், இரண்டு பட்டனை அமுக்கித் தன் குழந்தையின் குரலைப் பிடித்துவைக்க முடிந்தது என்பதுதான் எனக்கு அந்தக் காலத்தின் பெரிய விஷயம். இங்கே பாருங்கள், கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னத் தகடு இருக்கும், அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் மறுபடி பதிய முடியாது. ஏ பக்கத்துத் தகடு உடைந்திருக்கிறது. அப்பா உடைத்தது. பி பக்கத்தில் அப்படியே இருக்கிறது, அதில் ரேடியோவில் பிடித்த பாட்டுகள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் எடுத்த முடிவு இந்தச் சின்ன ஓட்டையாக இன்னும் இருக்கிறது, விரலை வைத்தால் தட்டுப்படுகிறது.

இனி அறுந்த இடம். கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகிறேன். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த முனை நன்றாக இருக்கிறது. இந்த முனை இழுபட்டு நூல் மாதிரி சுருண்டிருக்கிறது. வெறும் சுருக்கமாக இருந்தால் விரலால் நீவிவிட்டே ஓட்டிவிடலாம், கொஞ்சம் மங்கலாகவாவது கேட்கும். இழுபட்டது திரும்பாது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும். எவ்வளவு என்று அளந்தேன், மூன்று சென்டிமீட்டர். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்றால் மூன்று சென்டிமீட்டருக்கு அரை நொடியும் கொஞ்சமும். இது சி-60 கேசட், ஒரு பக்கம் 30 நிமிடம், மொத்த நாடா 85 மீட்டருக்கு மேல் வரும். அதில் மூன்று சென்டிமீட்டர். ஏ பக்கமும் பி பக்கமும் ஒரே நாடாவின் மேல் பாதியிலும் கீழ் பாதியிலும் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன, அதனால் இங்கே வெட்டினால் அந்தப் பக்கம் 22-வது நிமிடத்தில் ஏதோ ஒரு பாட்டிலும் அரை நொடி போகும். போகட்டும்.

இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சாய்வாக ஒரே வெட்டு. சாய்வாக வெட்டினால் ஒட்டு பிடிக்கும், ஓடும்போது 'டக்' சத்தமும் அவ்வளவாக வராது. ஹெட்டைத் தொடாத பக்கத்தில், அதாவது உள்பக்கம் பார்த்த பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். இதற்கென்றே ஒட்டுநாடா இருக்கிறது, அதைத்தான் போடுகிறேன். வீட்டில் இருக்கிற சாதாரண செலோடேப் வேண்டாம், அதன் பசை நாளாக ஆகக் கசியும், அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஹெட்டிலும் பூசிக்கொள்ளும். ஒட்டியாயிற்று. ஓரத்தில் பிதுங்கினதை நறுக்கிவிடுகிறேன்.

இப்போது அந்த போன். அதில் அக்கா மகள் பேசக் கற்றுக்கொண்ட மூன்று வருஷம் இருந்தது. முதல் முதலாக அவள் சொன்ன சொற்கள், தப்பும் தவறுமாகப் பாடினது, எல்லாம் நானே கிட்டே உட்கார்ந்து பதிந்தவை. ஒரு நாள் காலையில் எடுத்தேன், எழவில்லை. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, முந்தின இரவு நன்றாகத்தான் இருந்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன், போர்டு போய்விட்டது என்றார். நினைவகத்தை மட்டும் கழற்றி எடுக்க முடியாதா என்று கேட்டேன். எடுத்தாலும் படிக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான், இப்போது வருகிற போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் இருக்கும், அதைத் திறக்கிற சாவி புராசஸரோடு கட்டுண்டது. திருடன் கையில் போன் சிக்கினால் அது நல்லது. என் கையில் சிக்கும்போதும் அதே பூட்டுதான்.

பேக்கப் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போதே பலர் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். உண்மை, எடுத்திருக்க வேண்டும். ஆனால் பெல்ட்டைப் பார்க்காமல் கேசட்டைப் போட்டதும் அதே அலட்சியம்தானே? அந்த அலட்சியத்துக்குக் கேசட் என்னிடம் வாங்கியது அரை நொடி. போன் வாங்கியது மூன்று வருஷம். நான் இந்த வீடியோவைப் போட்டதே இதைச் சொல்லத்தான். பழைய கருவியைப் பற்றிப் பேசினால் உடனே ஒலித்தரம், வெதுவெதுப்பான சத்தம் என்று போய்விடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேசட்டின் ஒலி சுமார்தான், பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தால் இன்னும் மோசமாகும். எனக்கு வேண்டியது வேறு. கெடும்போது எவ்வளவு கெடுகிறது, கெட்ட இடத்துக்கு என் கை போகுமா, இந்த இரண்டும்தான்.

அதற்காகப் பழையது எல்லாம் உயர்த்தி என்று சொல்ல வரவில்லை. பழைய கணினியில் போட்ட பிளாப்பி டிஸ்க்கை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. 1.44 எம்பிக்குள் ஒரு சின்ன இடம் கெட்டால் மொத்த ஃபைலும் திறக்காது, முந்தின நாள் எழுதினது அடுத்த நாள் படிக்காது. சிடி நடுவில் நிற்கிறது. 1982-ல் கடைக்கு வந்தது, அதன் பிழைதிருத்தம் அபாரமான வேலை. தகவலை ஒரே இடத்தில் எழுதாமல் கலைத்துப் பரப்பி எழுதியிருப்பார்கள், அதனால் தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கெட்டாலும் கணக்குப் போட்டு முழுசாக மீட்டுவிடும், கேட்கிற நமக்குத் தெரியவே தெரியாது. அந்த எல்லையைத் தாண்டினதும்தான் திக்கும், தாவும், நின்றுவிடும். அதனால்தான் சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும், குறுக்கே விழும் கீறலைவிடத் தடத்தோடு போகிற கீறல் மோசம். இன்னொன்று, பளபளக்கிற அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைப்பார்கள், உண்மையில் பெயர் அச்சடித்த மேல்பக்கம்தான் பலவீனம், ஒளியைத் திருப்புகிற பூச்சு அந்தப் பக்கம் ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. அதில் கீறினால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

போன் தயாரிக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து போனில் நகத்தால் பின்மூடியைத் தள்ளி பேட்டரியை எடுத்தோமே, அதுவாவது திரும்ப வரட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையில் வைத்திருக்கிற கருவிகளின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், சில விலக்குகளோடு. ஒரு பேட்டரியைக் கழற்றுவதற்குச் சட்டம் தேவைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தம், வந்த மட்டும் சந்தோஷம். நினைவகத்துக்கும் அப்படி ஒன்று வர வேண்டும். சாவி என்னிடம் இருக்கட்டும், போர்டு செத்தாலும் நான் சேர்த்தது எனக்குக் கிடைக்கட்டும்.

சரி, மூடியாயிற்று. ஐந்து ஸ்குருவையும் மிதமாகத்தான் முறுக்கியிருக்கிறேன், இறுக்கினால் சக்கரம் திணறும். பென்சிலால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சுற்றிப் பார்த்தேன், லேசாக ஓடுகிறது. இன்று இரவே கணினியில் ஏற்றிவிடுவேன், அளவைச் சுருக்காத ஃபைலாக, மூன்று பிரதி, மூன்று இடத்தில். டிஜிட்டலின் பெரிய வரம் அது, நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதான், அதை நான் விடமாட்டேன். ஏற்றுவதற்கு முன்னால் ஹெட்டின் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்குருவை இம்மியளவு திருப்பிப் பார்ப்பேன், அப்பா பதிந்த ரெக்கார்டரின் ஹெட் நின்ற கோணத்துக்கு இது வந்துவிட்டால் குரல் சட்டென்று தெளியும். கேசட்டையும் தூக்கிப் போட மாட்டேன்.

போடுகிறேன், கொஞ்சம் சத்தம் கூட்டிக்கொள்ளுங்கள். இரைச்சல் கேட்கிறதா, அதுதான் அந்த அறை. இது நான், பன்னிரண்டில் இருக்கிறேன். பதிமூன்று. பதினாலு. பதினைந்து. பதினாறு. அந்த சின்ன 'டக்' கேட்டதா? பதினெட்டு. பதினேழு மட்டும்தான் போயிருக்கிறது. பத்தொன்பது, இருபது. இருபதுக்கு மேல் எனக்கு அப்போது தெரியாது போலிருக்கிறது, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நாற்காலி கிறீச்சிடுகிறது. இதோ, அப்பா கேட்கிறார்.

"அப்புறம்?"