கடுக்காய்த் தண்ணீரும் பழைய சுவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்த கையோடு கொழும்பின் பழைய வீடுகளில் சுவரடியைப் பாருங்கள். பெயிண்ட் உப்பிப்போய் நிற்கும். விரலால் சுரண்டினால் வெள்ளைத் தூள் கொட்டும். பல வீடுகளில், அதற்குச் சற்றுக் கீழே யாரோ சீமெந்து பூசியிருப்பார்கள். நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் சீமெந்தைத் தாண்டி வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு தொடங்குகிற இடத்தில் காய்ந்து, உப்பை அங்கே விட்டுவிடுகிறது. ஆனால் பழி விழுவது சுண்ணாம்பின் மேல்! "பழைய பூச்சு, அதுதான் உதிர்கிறது" என்று சொல்லி, அதன் மேலும் சீமெந்தை அப்புகிறார்கள்.

கொழும்பு வொல்வெண்டால் தேவாலயத்தை அறிவீர்கள். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்தார்கள். ஏறத்தாழ ஐந்தடித் தடிப்புள்ள சுவர்கள். கபுக் கல் என்கிற செம்மண் கல்லும் சுண்ணாம்பும். போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். சீமெந்து இல்லாமல் எழுந்த சுவருக்குச் சீமெந்து மருந்தாகாது. இதை நான் எங்கும் சொல்வேன், இங்கும் சொல்கிறேன்.

சரி, எது மருந்து? எனக்கு மிகவும் பிடித்த கடுக்காய்க்கு வருகிறேன். புறக்கோட்டை நாட்டு மருந்துக் கடைகளில் வயிற்றுக்கு வாங்குகிறோமே, அதே கடுக்காய். தென்னிந்தியக் கொத்தர்கள் அதைக் கொட்டை நீக்கி இடித்து, பனங்கட்டியோடு தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சில நாட்களில் நுரை கட்டும், கள்ளைப் போலப் புளித்த வாசம் வரும். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்புச் சாந்தைக் குழைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு, தண்ணீர் குறைவாக இருந்தாலும் சாந்தை இளக்கிக் கொடுக்கும். பனங்கட்டியின் இனிப்பு சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைக்கும். புளிக்கும்போது எழும் கரியமிலவாயு, சுண்ணாம்பு திரும்பவும் கல்லாவதற்குத் துணை செய்யும். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அதைவிட்டுப் போனதும் இதே வாயுதான், நேயர்களே! என்ன அழகான கணக்கு!

பனங்கட்டியை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் சாந்து இறுகாமல் கிடக்கும். பதம் பார்ப்பது எப்படி? நன்றாக அடித்த சாந்தைச் சாந்தகப்பையில் எடுத்துக் கவிழ்த்துப் பிடியுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் பதம் சரி. விழுந்தால் இன்னும் அடிக்க வேண்டும். கொத்தனார் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக்காகக் கடலில் முருகைக்கல், அதாவது பவளப்பாறை, உடைப்பது சட்டப்படி குற்றம். தரையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லில் சுட்டதையே கேட்டு வாங்குங்கள். பூசிய சுவரை வெயிலில் காயவிடாமல் நனைத்த சாக்கால் மூடுங்கள். நன்றாக இறுகிய பின் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்; பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், அதுவும் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். நன்றி, வணக்கம்.