பேட்ஜர் முடிக்குப் பதில் செயற்கை இழை: ஷேவிங் பிரஷ் தேர்ந்தெடுப்பது எப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன், ஜூலை மாதங்களில் நம் மொரிஷியஸின் கியூர்பிப் பக்கம், பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கின் முடியில் செய்த ஷேவிங் பிரஷ் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். காலையில் சவரம் முடித்துப் பிரஷை உதறி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அதன் அடியை விரலால் அழுத்துங்கள். நுனி காய்ந்திருக்கும். பசையில் முடி பதிந்திருக்கும் இடத்தில் மட்டும் ஈரம் தட்டுப்படும். சோப்புக் கசடு தங்குவது அந்த இடத்தில்தான். வாடை பிடிப்பதும் அங்கேதான். நாளடைவில் முடி இற்று உதிர்வதும் அங்கிருந்துதான். நம் தீவின் மேட்டுப் பகுதியில் மழையும் ஈரக்காற்றும் விடாமல் இருப்பதால், முடி பிரஷுக்கு முழுதாகக் காயும் நாளே கிடைப்பதில்லை. செயற்கை இழைக்கு மாற இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

வேறு காரணங்களும் உண்டு. பேட்ஜர் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. அந்த விலங்குகள் அங்கே எப்படிப் பிடிக்கப்படுகின்றன, எப்படி அடைத்து வைக்கப்படுகின்றன என்பதை விலங்குரிமை அமைப்பான பீட்டா ஆசியா 2018-இல் படம்பிடித்து வெளியிட்டது. அதன்பின் சில நிறுவனங்கள் பேட்ஜர் பிரஷ் விற்பதையே நிறுத்தின. நம்மில் கடுமையான சைவம் காப்பவர்கள் பலர். விலங்கின் முடி முகத்தில் படவேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்று நல்ல மாற்று கையருகே இருக்கிறது.

ஆனாலும் செயற்கை பிரஷ் என்றால் வயதானவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கும் நியாயம் உண்டு. 1938-இல் பல் தூரிகையில் நுழைந்த நைலான், பிறகு ஷேவிங் பிரஷுக்கும் வந்தது. அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன், வெட்டிய நுனி, விறைப்பு. முகத்தில் குத்தும், தண்ணீரும் நிற்காது. இன்றைய நல்ல பிரஷ்களில் இருப்பது பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாலிபியூட்டிலீன் டெரிப்தாலேட் இழை. பேட்ஜர் முடியைப் போலவே நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும்படி இதைச் செய்கிறார்கள். ஜெர்மனியின் மூலே நிறுவனம் ‘சில்வர்டிப் ஃபைபர்’ என்று விற்பது இந்த வகையில் பேர்பெற்றது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் அளவு, இழைக்கற்றை கைப்பிடிக்குள் இறங்கும் இடத்தின் விட்டம். 24 மில்லிமீட்டர் பெரும்பாலோருக்குச் சரியாக வரும். பேட்ஜர் முடி நனைந்ததும் நன்றாக விரியும், செயற்கை இழை அவ்வளவு விரியாது. ஆகவே பழைய பேட்ஜர் பிரஷ் 22 மில்லிமீட்டர் என்றால், செயற்கையில் 24 எடுத்தால்தான் முகத்தில் அதே அகலம் கிடைக்கும். 28-க்குப் போனால் சோப்பு வீணாகும். மூக்கின் கீழே நுரை தடவுவதும் சிரமம்.

இரண்டாவது அளவு உயரம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பிரஷ் பிடிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கைப்பிடியின் விளிம்பிலிருந்து இழை நுனிவரை அளக்க வேண்டும். செயற்கை இழை இயல்பிலேயே துள்ளும். 24 மில்லிமீட்டர் கற்றைக்கு உயரம் 50-க்குக் கீழே இருந்தால் வில்போல் எதிர்த்துத் தள்ளும், முகத்தில் விரியாது. 52 முதல் 55 வரை இருந்தால் வளைந்து கொடுக்கும். கிண்ணத்தில் நுரை கலக்குபவர்கள் 55-ஐ எடுக்கலாம். முகத்திலேயே நேராக நுரை எழுப்புபவர்களுக்கு 50, 52 நன்றாக இருக்கும்.

இழையிலும் வகை உண்டு. ‘சில்வர்டிப்’ என்ற உயர்தர பேட்ஜர் முடியின் மென்மைக்குப் பழகியவர்கள் ‘பிளிசாஃப்ட்’ அல்லது ‘டக்ஸிடோ’ என்ற பெயரில் வரும் கற்றையைத் தேடுங்கள். முதலாவது மிக மென்மையாக இருக்கும். இரண்டாவது கறுப்பு அடியும் வெள்ளை நுனியுமாக, சற்று அடர்த்தியாக வரும். ‘ப்யூர்’ என்ற சாதாரண பேட்ஜரின் லேசான உரசலே பிடித்தவர்களுக்கு இந்த மென்மை சப்பென்று தோன்றும். அவர்களுக்கு இத்தாலிய ஒமேகா நிறுவனத்தின் ‘எஸ்-பிரஷ்’ பொருந்தும். அது பன்றி முடியைப் போன்ற விறைப்புள்ள இழை.

கடையில் ஷேவிங் பிரஷுக்கான பிரெஞ்சுச் சொல்லான ‘ப்ளேரோ’ என்று மட்டும் கேட்டால் எந்த முடி பிரஷையும் எடுத்துத் தருவார்கள். ‘ஃபீப்ர் சேந்தெத்தீக்’, அதாவது செயற்கை இழை, என்று சொல்லிக் கேளுங்கள். உறையில் ‘சுவா’ என்றோ ‘சாங்லியே’ என்றோ இருந்தால் அது பன்றி முடி. கையில் வாங்கியதும் நுனியைக் கன்னத்தில் லேசாக அழுத்துங்கள். ஓரிடத்தில் குத்தினாலும் நுனி வெட்டப்பட்ட இழை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, இழைகளை விரித்து நடுவில் விரலை அடிவரை இறக்குங்கள். விளிம்புக்கு மேலே கெட்டியாக ஒரு மேடு தட்டுப்பட்டால் பசை மேலே ஏறியிருக்கிறது. அந்த பிரஷ் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வளையாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கைப்பிடி ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. நம் ஈரக்காற்றில் மரம் உப்பி வெடிக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் மலிவான உலோக முலாமையும் தவிர்க்கலாம், உப்புக்காற்றில் புள்ளி விழும். பழைய ஸ்டாண்டிலேயே தொங்கவிட நினைத்தால், அதன் வாய் அகலத்தையும் புதிய கைப்பிடியின் இடுப்பையும் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். புதிய பிரஷ் வாங்கிய பலர் இரண்டு வாரத்தில் அதை ஒதுக்கிவிடுவதற்குக் காரணம் பிரஷ் அல்ல, தண்ணீர். பேட்ஜர் முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தண்ணீரை முடிக்குள்ளேயே உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிபிடி தன் எடையில் ஒரு விழுக்காடுகூட உறிஞ்சாது. பருத்தி வேட்டிக்கும் நைலான் குடைத்துணிக்கும் உள்ள வேறுபாடுதான் இது. செயற்கை பிரஷில் தண்ணீர் இழைகளின் இடுக்கில் மட்டும் நிற்கும், அழுத்தியதும் மொத்தமாக இறங்கும். பேட்ஜரைப் போல அதை ஊறவைத்து அப்படியே சோப்பில் வைத்தால், சோப்பு கரைந்து ஓடும். பெரிய குமிழிகள்தான் வரும், நுரை வராது.

ஆகவே ஊறவைக்கவே வேண்டாம். நுனியிலிருந்து பாதிவரை தண்ணீரில் முக்கி எடுத்து, இரண்டு மூன்று முறை பலமாக உதறுங்கள். சொட்டக்கூடாது. அந்த ஈரத்தோடு கெட்டிச் சோப்பின்மேல் 20 முதல் 30 நொடி சுழற்றுங்கள். நுனியில் தயிர்போல் கெட்டியான பசை ஏறியிருக்க வேண்டும். க்ரீம் என்றால் சுண்டுவிரல் நகத்தளவு போதும். இனிமேல்தான் தண்ணீர். நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, முகத்திலோ கிண்ணத்திலோ 15 நொடி சுழற்றி, மறுபடி தொடுங்கள். மூன்று நான்கு முறையில் பளபளப்பான, குமிழி தெரியாத நுரை கிடைக்கும். நுரை மங்கலாக இருந்து, முகத்தில் சீக்கிரம் உலர்ந்து தோலை இழுத்தால் இன்னும் ஒருமுறை தண்ணீர் தொடுங்கள். ஓடினால் பிரஷை மறுபடி சோப்பில் ஐந்தாறு நொடி சுழற்றுங்கள்.

நுரை சட்டையில் தெறிக்கிறது என்பது அடுத்த குறை. இழை துள்ளுவதால் வருவது. கைப்பிடியின் நடுவில் பிடிக்காமல், விரல்களைக் கீழே இறக்கி இழையின் அடியையும் சேர்த்துப் பிடித்தால் துள்ளல் அடங்கும். பெரிய வட்டமாகச் சுழற்றாமல் சிறு வட்டமாகப் போங்கள். கடைசியில் சுவருக்கு வர்ணம் அடிப்பதுபோல் இருபுறமும் தடவி முடியுங்கள். பிரஷை நேர்க்குத்தாக வைத்து அமுக்கக்கூடாது. நாளடைவில் கற்றையின் நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் வளையமாக விரிந்துவிடும். அது திரும்பச் சேராது.

வெந்நீரில் கவனம் வேண்டும். பிபிடி உருகுவது 220 பாகைக்கு மேல்தான் என்றாலும், 50 பாகை செல்சியஸ் அளவிலேயே இழை இளகத் தொடங்கும். இளகிய நேரத்தில் அமுக்கினால் நுனி சுருண்டுவிடும். கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வெயில் காயும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்தக் குழாயிலிருந்து 60 பாகைக்கு மேலும் தண்ணீர் வரும். கை பொறுக்கும் சூடே பிரஷுக்கும் அளவு. பேட்ஜர் அளவுக்கு இது சூட்டைத் தேக்கி வைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூடான நுரைதான் வேண்டும் என்பவர்கள் கிண்ணத்தை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம்.

பராமரிப்பு குறைவுதான். வாங்கியதும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஒருமுறை கழுவுங்கள், தொழிற்சாலை எண்ணெய்ப்பசை போய்விடும். அடர்நிற இழையாக இருந்தால் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாயம் விட்டால் முகத்துக்கு வேண்டாம். தினமும் சவரம் முடிந்ததும், இழைகளை விரல்களால் விரித்து, பிழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு உதறி, துண்டில் ஒற்றி, காற்றுப்படும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். மழைநாளிலும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். மாதம் ஒருமுறை, ஒரு பங்கு வினிகரைப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, இழையை மட்டும் ஐந்து நிமிடம் வைத்து அலசினால் அடியில் படிந்த கசடு கரையும்.

முதல் வாரத்தில் நாலைந்து இழை உதிர்வது இயல்பு. ஒரு மாதத்துக்குப் பிறகும் உதிர்ந்துகொண்டே இருந்தால் கற்றைக்குள் பசை சரியாக இறங்கவில்லை என்று பொருள், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். கற்றை முழுதாகவே கைப்பிடியிலிருந்து கழன்று வந்தால் பிரஷைத் தூக்கிப் போட வேண்டாம். குழியில் உள்ள பழைய பசையைச் சுரண்டி, ஒருநாள் காயவிட்டு, இரண்டு குழாயாக வரும் எபாக்சி பசையைச் சமமாகக் கலந்து, குழியின் அடியில் மட்டும் கொஞ்சமாக வைத்துக் கற்றையை நேராகப் பதியுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. பசையை நிறைய வைத்தால் அது இழைகளுக்கிடையே மேலேறி, கடையில் நாம் விரலால் தேடிப்பார்த்த அதே கெட்டி மேடாக உறைந்துவிடும்.

நன்றி, வணக்கம்.