மூன்று வாரம் கொழும்பிலேயே! இந்தப் பிள்ளைகளை எனக்குப் பிடித்துவிட்டது

வணக்கம் மக்களே. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொழும்பு-காலி வீதி ஹோர்ன் சத்தம். திறந்தே வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா பஸ்ஸைக் கண்டால் எனக்கு வரும் எரிச்சல் உங்களுக்குத் தெரியும். கண்டி வீடியோவில் பாதி நேரம் அந்தப் புலம்பல்தான். அதனால் மச்சாள் போன் எடுத்து, "அமெரிக்காவிலிருந்து கம்பஸ் பிள்ளைகள் வந்திருக்கினம், நான்தான் மொழிபெயர்க்கிறேன், நீயும் வா" என்றபோது எனக்கு மனமே இல்லை. காலையில் சிகிரியா, மாலையில் கண்டி, நடுவில் யானை என்று ஓடுகிற கூட்டம்தானே என்று நினைத்தேன். இல்லையாம். மூன்று வாரமும் கொழும்பிலேயே!

அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படி எட்டு வாரத்துக்குள் முடிகிற படிப்புக்குத்தான் போகிறார்கள். ஒரு பேராசிரியர் கூடவே வருவார். வாசிக்க வேண்டியதை ஊரிலேயே வாசித்துவிட்டு வர வேண்டும். இங்கே வந்ததும் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், அதற்கும் புள்ளி உண்டு. மூன்று வாரத்தில் ஒரு நாட்டைப் படிக்க ஏலாது, சரி. நாலு தெருவைப் படிக்கலாமே!

முதலில் தேசிய நூதனசாலை. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டிடத்துக்குள், தெற்கே காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. கல்லில் உள்ள ஆண்டு 1409. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம்! கோயிலுக்குக் கொடுத்த காணிக்கையைப் பற்றி அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது.

பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மொழிப் பகுதியின் மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்தார். மற்றக் குழுவோடு கதைக்கக் கூடாது. கடைசியில், "காணிக்கை யாருக்கு?" என்று கேட்டார். சீனம் வாசித்தவர்கள் புத்தருக்கு என்றார்கள். தமிழ் வாசித்தவர்கள் தேனவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு. பாரசீகக் குழு அல்லாஹ்வுக்கு என்றது. நல்ல சண்டை! பிறகு மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொன், வெள்ளி, பட்டு என்று பொருள் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

தமிழ்ப் பகுதி தேய்ந்து போயிருக்கிறது. ஆனாலும் குனிந்து, சாய்ந்து, போன் வெளிச்சமும் இல்லாமல் ஒரு 'ந'வைக் கண்டுபிடித்தேன் மக்களே. மச்சாள் அது கீறல் என்கிறாள். கீறல் இல்லை. 'ந'தான். அந்தச் சுழி எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்தபோது, "நில்லாதே, நட, நட" என்று துரத்திய ஆசிரியரை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் புறக்கோட்டை. இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் எதிரில் நின்று படம் எடுத்தோம். 1909இல் கட்டி முடித்தது, இன்றைக்கும் கண்ணைப் பறிக்கிறது. பக்கத்துக் கடையில் எங்கள் பெடியன் ஒருவன் உடுக்கச் சாரம் கேட்டான். 1,800 ரூபாயாம்! விடுவேனா? சிங்களத்தில் கேட்டேன், 1,600. தமிழில் கேட்டேன், 1,500. கடையை விட்டு இறங்கிப் பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை. வெட்கமில்லாமல் திரும்பவும் ஏறினேன். கரை நூலைத் தடவி, "சாயம் போகுமா?" என்று கேட்டு, பிளேன்டீ குடித்து, கடைசியில் 1,150. அந்த ஐம்பதையும் குறைத்திருப்பேன், பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார். பெடியன் நான் சொன்ன விலையையும் கடைக்காரர் சொன்ன விலையையும் வரிசையாக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டான். என் பேரத்துக்கு அமெரிக்காவில் புள்ளி போடப் போகிறார்கள்!

ஐயோ, நூதனசாலையில் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தத் தேனவரைக் கோயில் தெற்கே தெவிநுவரவில் இருந்தது. 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்துவிட்டார்கள். ஒரு பிள்ளை அந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லை, ஆனால் ஞாயிறு லீவு. நாலு பேர் ரயிலில் போகிறார்கள். இப்படிக் கேட்கிற பிள்ளைகளுக்கு மூன்று வாரம் போதும்.

பிடிக்காததும் ஒன்று உண்டு. வெள்ளி இரவு ஒரு ஹோட்டலில் 'கலாசார மாலை' வைத்தார்கள். பஃபே தட்டோடு கண்டிய நடனம். நடனக்காரர் வியர்த்து ஆடுகிறார், இவர்கள் வட்டிலப்பத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். அதற்குப் பதிலாக எல்லோரையும் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில் மாலைப் பூசைக்குக் கூட்டிப் போயிருக்கலாம். செலவும் இல்லை, நாதஸ்வரமும் கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை வுல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1757இல் திறந்தது, கல்லறைக் கற்கள் தரையிலேயே பதித்திருக்கும். நானும் போகிறேன். அந்தப் பக்கம் நல்ல ரோல்ஸ் கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மரக்கறி ரோல்ஸ் வேண்டாம், மீன்.