‘ஒன்றும் போகவில்லையே, அப்புறம் என்ன?’

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டுக் கடையும் இல்லை, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையும் இல்லை. போன வீடியோவில் முகம் ஏன் அப்படி வாடிக் கிடந்தது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். விஷயம் இதுதான்: எங்கள் வீட்டுக்குத் திருட வந்தார்கள். வந்தார்கள், அவ்வளவுதான். பின்வாசல் பூட்டை வெட்டிவிட்டுப் பின்கட்டுக்குள் வந்து, சமையலறை ஜன்னல் கம்பி ஒன்றை வளைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டார். ஓடிவிட்டார்கள்.

இதை யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, “என்னென்ன போச்சு?” ஒன்றும் போகவில்லை என்பேன். உடனே, “அட, ஒன்றும் போகவில்லையே, அப்புறம் என்ன? சாமி காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்.” அதோடு பேச்சு முடிந்துவிடும். நகை போயிருந்தால் துக்கம் விசாரிக்க வருவார்கள். தூக்கம் போனதற்கு யாரும் வருவதில்லை.

என்ன போனது என்று நான் சொல்கிறேன். குளிக்கப் போனால் ஷவரை மூடி மூடிக் காது கொடுத்துக் கேட்பேன், தண்ணீர் சத்தத்தில் வேறு சத்தம் அமுங்கிவிடுமே என்று. மீன் பொரிக்கும்போது புகை இழுக்கும் ஃபேனைப் போடமாட்டேன், கண் எரிந்தாலும் பரவாயில்லை. அம்மா இருட்டிய பிறகு சமையலறைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். மாலை ஆறு மணிக்கே தண்ணீர் பாட்டில்களை நிரப்பி அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார். பால்மாவு டின்கூட அறைக்கு வந்துவிட்டது. வீடு முழுக்க இருக்கிறது, ஆனால் நாங்கள் இருந்தது ஒரு அறையில்.

எங்களுடையது மலேசியாவில், பினாங்குத் தீவின் குளுகோர் பக்கம் பழைய தெரஸ் வீடு, வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டியது. பினாங்குக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்: முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் சமையலறை, அதைத் தாண்டினால் லோரோங், அதாவது பின் சந்து. எந்தத் தாமான், அதாவது எந்தக் குடியிருப்பு, என்று சொல்லமாட்டேன். ஜன்னலைக் காட்டமாட்டேன், கதவைக் காட்டமாட்டேன், அதனால்தான் இன்றைக்குப் பின்னால் வெறும் சுவர். ஹோம் டூர் கேட்பவர்கள் மன்னிக்கவும். என்ன பூட்டு வாங்கினேன் என்றும் கேட்காதீர்கள்.

சரி, போலீஸ் கதை. அன்று இரவே 999க்கு அடித்தோம், ரோந்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள், காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தோம். ஒன்றும் போகவில்லை என்றால் ரிப்போர்ட் எதற்கு என்று எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். கொடுக்கத்தான் வேண்டும். நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இரவில் வீடு புகுந்து குற்றம் செய்வதற்கு 457ஆவது பிரிவு இருக்கிறது. புகுந்த நோக்கம் திருட்டு என்றால் 14 ஆண்டு வரை சிறை. முயற்சியோடு நின்றுபோனாலும் 511ஆவது பிரிவு இருக்கிறது, அதில் பாதி வரை கொடுக்க முடியும். எனக்கு அதைப் படித்தபோது ஒரு ஆறுதல். என்ன போச்சு என்று கேட்காமலே இது குற்றம் என்று சட்டமாவது ஒத்துக்கொள்கிறதே.

கைரேகை எடுக்க வந்தவர் ஜன்னல் சட்டம், கம்பி, சிங்க் விளிம்பு எல்லாம் கறுப்புப் பொடியைத் தடவிவிட்டுப் போனார். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்: அதை ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள். கறுப்பு இழுபட்டு இன்னும் பெரிதாகும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதற்கப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். அப்படியும் டைல்ஸ் இடுக்கில் ஒரு கோடு நிற்கிறது. அஞ்சறைப் பெட்டிக்கு நேர் மேலே. கடுகு எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

அப்புறம் எல்லாருக்கும் வரும் அடுத்த பயம்: மறுபடி வருவானா? பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று அம்மா ஆரம்பித்தார். நான் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொல்லலாம் என்றுதான் தேடிப் பார்த்தேன். பார்த்தால், பழமொழி சொல்வது பொய் இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்று ஒரு ஊர், அங்கே கர்க்ஹோல்ட் என்று ஒரு குடியிருப்பு. 1980களில் அங்கே வீடு புகுந்து திருடுவது பெரிய தொல்லை. ஆய்வுக்காரர்கள் கணக்கெடுத்தபோது, ஒருமுறை திருடு போன வீட்டுக்கு மறுபடி ஆள் வருவது மற்ற வீடுகளைவிட அதிகமாக இருந்தது. வழி தெரியும், பூட்டு தெரியும், வருகிறான்.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? அந்த வீடுகளில் காசு போட்டு ஓட்டும் கரண்ட் மீட்டர், கேஸ் மீட்டர் இருந்தன. திருடனுக்கு அது உண்டியல். அதைக் கழற்றச் செய்தார்கள், கதவு ஜன்னலைப் பலப்படுத்தினார்கள். அதோடு, திருடு போன வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களை மட்டும் பிடித்து, இந்த வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். ஊர் முழுக்கக் கூட்டம் போடவில்லை. சுற்றி ஐந்தாறு வீடு, அவ்வளவுதான். திருட்டு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இது எனக்குப் பிடித்துப்போனது. ஊர் முழுக்கப் போய்க் கதவு தட்ட எனக்குக் கூச்சம். ஐந்தாறு வீடு என்றால் முடியும். இடது பக்கம் சீன அங்கிள், வேலை ஓய்வு பெற்றவர். அவர் ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்தார் சங்கத்து ஆள், எஸ்ஆர்எஸ் என்கிற தன்னார்வ ரோந்திலும் போவார். ருக்குன் தெத்தாங்கா 1975இல் தொடங்கிய திட்டம். இன்றைக்குப் பல தாமான்களில் பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சம், எங்கள் அதிர்ஷ்டம் இங்கே டார்ச் லைட்டும் மஞ்சள் மேலாடையும் இன்னும் வெளியே வருகின்றன. வலது பக்கம் மக்சிக், மலாய்க்கார அம்மா. அவர் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்துவிடுவார்.

பின் லோரோங்குக்கு எதிர்ப்புறம்தான் முக்கியமானது. அங்கே ஒரு வீட்டில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் நேபாளப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். சம்பவம் நடந்த மறுநாளே தாமான் வாட்ஸ்ஆப் குழுவில் எல்லார் விரலும் அவர்கள் பக்கம்தான் நீண்டது. ஆதாரம்? அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், அவ்வளவுதான் ஆதாரம். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நம் தாத்தா பாட்டியைப் பார்த்தும் இந்த ஊரில் ஒரு காலத்தில் இப்படித்தான் கதவை இழுத்துச் சாத்தியிருப்பார்கள். நான் ஒரு தட்டு முறுக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினேன். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்டு, வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்களாம். நேபாளத்தில் நேரம் நமக்கு இரண்டே கால் மணி பின்னால். இங்கே நள்ளிரவு தாண்டினாலும் அங்கே பிள்ளைகள் தூங்கியிருக்காது. அதனால் இந்த லோரோங்கில் நடு இரவில் விழித்திருப்பவர்கள் யார் என்றால் அவர்கள்தான். இப்போது அவர்கள் பின்வாசல் விளக்கு எரிவதைப் பார்த்தால் எனக்கு மனசு லேசாகிறது.

இப்போது அம்மா கதை. அம்மா ஜெலுத்தோங் ஹார்ட்வேர் கடைக்குப் போய்ப் பூட்டுகளாக வாங்கி வந்தார். பின்வாசல் இரும்புக் கிரிலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சங்கிலி போட்டு ஒன்று. சாவி எல்லாம் ஒரே வளையத்தில், வளையம் தலையணைக்கு அடியில், அதுவும் மாடியில். இதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. நம் நாட்டில் வீடு தீப்பிடித்துக் கிரிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களின் செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது! பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புக்காரர்கள், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்: சாவி கதவுக்குப் பக்கத்திலேயே கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு ஜன்னல் கிரிலாவது உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். இருட்டில், புகையில், இருமிக்கொண்டு சாவியைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

“திருடன் வந்தால்?” என்றார் அம்மா. “தீ வந்தால்?” என்றேன் நான். இப்படியே ஒரு வாக்குவாதம், சாப்பாடு ஆறிப்போகும்வரை. கடைசியில் கிரில் கடைக்காரர்தான் தீர்த்துவைத்தார். பூட்டு எத்தனை என்பது கணக்கே இல்லையாம். வளைவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டு எதுவானாலும் பெரிய கட்டர் வைத்தால் போய்விடும். பூட்டைச் சுற்றி ஒரு இரும்புப் பெட்டி வெல்டிங் செய்தால் கட்டர் வாய் உள்ளே நுழையாது. கம்பி வளைந்தது ஏன் என்றால் அது உள்ளே காலியான பைப். கெட்டிக் கம்பி மாற்றினால் போதும். ஆக ஒரு பெட்டி, ஒரு நல்ல பூட்டு. சாவி இப்போது கதவுக்குப் பக்கத்து ஆணியில், வெளியே இருந்து கை விட்டால் எட்டாத தூரத்தில்.

கேமராவும் மாட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, முதலில் அது பயத்தைக் கூட்டியது. பூனை போனால் ‘டிங்’, பூச்சி பறந்தால் ‘டிங்’, மழை பெய்தால் விடாமல் ‘டிங்’. ஒவ்வொரு முறையும் வயிறு பகீர் என்கும். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே பேயைப் போனே அனுப்பிவைக்கிறது. அமைப்புகளில் போய் மனித உருவம் மட்டும் என்று மாற்றி, வாசல் பக்கத்து அறிவிப்பை அடியோடு நிறுத்திவிட்டேன். பதிவு ஓடட்டும், போதும்.

இன்னொன்று, பூட்டியதை மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பது. இதைப் பற்றி 2003இல் நெதர்லாந்துக்காரர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு, அதை அணைத்துச் சரிபார்க்க வேண்டும், திரும்பத் திரும்ப. கடைசியாக எதை அணைத்தார்கள் என்பது அவர்களுக்குச் சரியாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஞாபகத்தின் மேல் நம்பிக்கை சரிந்துபோனது, காட்சியே மங்கலானது. பார்க்கப் பார்க்கத்தான் சந்தேகம் வளர்கிறது. நாங்கள் இப்போது ஒருமுறைதான் பூட்டுவோம், கை வைத்துக்கொண்டு, வாய்விட்டு: “பின்வாசல் பூட்டியாச்சு.” அம்மா சொல்வார், நான் “ஆச்சு” என்பேன். அதற்கப்புறம் யாரும் எழுந்து போகக்கூடாது. கோவில் மணி அடித்த மாதிரி முடிந்தது.

ஆனாலும் தூக்கம் வந்தது இதனால் எல்லாம் இல்லை. ஒருநாள் இரவு டக் என்று ஒரு சத்தம், இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். சரி வா, கீழேயே போய் உட்காருவோம் என்று அம்மா கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய், மைலோ கலக்கிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். வருகிற சத்தத்துக்கெல்லாம் யார் முதலில் பெயர் சொல்வது என்று ஒரு போட்டி. டக், டக்: வெயிலில் காய்ந்த பின்வாசல் தகரக்கூரை குளிரும் சத்தம். ஸ்ஸ்ஸ்: கூரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிரம்புகிறது. ஓடு மேல் தடதட: மரநாய், மக்சிக் வீட்டு ரம்புத்தானுக்குப் போகிறது. உர்ர்: ஐஸ்பெட்டி. கிர்க் என்று ஒன்று, எனக்குத் தெரியவில்லை. அம்மா சிரித்தார். “உங்கப்பா மாட்டின ஃபேன். அன்னைக்கே கோணல்.” இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் தூங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாத ஒரே சத்தம் சீன அங்கிள் வீட்டு மீன்தொட்டி மோட்டார். அதை மறுநாள் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அதற்கப்புறம் சத்தம் வந்தால் விழிப்பு வரும், பெயர் வரும், தூக்கமும் வரும். எல்லா நாளும் இல்லை. ஆனால் பால்மாவு டின் சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

அம்மா இதற்கெல்லாம் காரணம் முனீஸ்வரர் என்கிறார். கோவிலுக்குப் போய்ச் சுருட்டு வைத்துவிட்டு, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காவலுக்கு ஆள் கூடுவது நல்லதுதானே.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமே இல்லை, அந்த நிமிஷமே கண்முன் வந்து வந்து போகிறது என்றால், அரசாங்கக் கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். ஒன்றும் போகவில்லையே என்று அவர்கள் சொல்லமாட்டார்கள்.

நாய் வளர்க்கச் சொல்லி எழுதியவர்களுக்கு: அம்மா அனுமதி இல்லை, விவாதம் முடிந்தது. இன்னும் பாக்கி இருப்பது மாடி ஜன்னல் கிரில். உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி மாற்ற எங்களிடம் சொன்ன விலை எனக்குக் கொஞ்சம் கூடத் தெரிகிறது. தீவிலோ பிறையிலோ அந்த வேலை செய்தவர்கள் இருந்தால், ஒரு ஜன்னலுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். பேரம் பேச எனக்கு உதவும்.