ஆத்துல வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே போன்ல தெரிஞ்சுக்க முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, காவேரிப்பட்டணம் பக்கத்துல தென்பெண்ணை ஆத்தோரம் நிலம் வச்சிருக்கிற ஒரு அண்ணன் அனுப்பியிருக்காரு. படிச்சிடுறேன். "மழைக்காலம் வந்தா வாட்ஸ்அப்ல வரிசையா மெசேஜ் வருது. ரெட் அலர்ட்டுங்கிறாங்க, அணையைத் தொறந்தாச்சுங்கிறாங்க, உடைஞ்சிடுச்சுங்கிறாங்க. எதை நம்பி மோட்டாரைக் கழட்டுறது, எதை நம்பி மாட்டை மேட்டுக்கு ஓட்டுறது? இன்டர்நெட்ல எல்லாருக்கும் கிடைக்கிற தகவலை வச்சே முன்கூட்டி தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

இருக்குங்கண்ணா. இதுக்குக் காசு கட்ட வேண்டியதில்ல, எந்த ஆபீஸ்லயும் ஆளைத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. ஆனா தகவலைக் குவிச்சு வச்சா மட்டும் அது முன்னெச்சரிக்கை ஆகிடாது. எந்த எண் வந்தா நான் என்ன செய்வேன்னு மழைக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும். அது இல்லாம நாப்பது மெசேஜ் வந்தாலும், நாலு மெசேஜ் வந்தாலும், ராத்திரி ரெண்டு மணிக்கு குழப்பம் ஒண்ணுதான்.

முதல்ல உங்க தண்ணி எங்கிருந்து வருதுன்னு ஒரு காகிதத்துல வரைஞ்சுக்குங்க. தென்பெண்ணை நந்தி மலையில பொறந்து, பெங்களூருக்குக் கிழக்கால வந்து, ஓசூர்கிட்ட கெலவரப்பள்ளி அணைக்குள்ள நுழையுது. அங்கிருந்து கிருஷ்ணகிரிகிட்ட இருக்கிற கே.ஆர்.பி. அணை. அதுக்கப்புறம்தான் உங்க ஊரு. நடுவுல வேப்பனப்பள்ளி பக்கமிருந்து மார்க்கண்டேய நதி வந்து கே.ஆர்.பி.யில சேருது. இதை மறந்துடாதீங்க. கெலவரப்பள்ளி சும்மா இருக்கேன்னு நிம்மதியா இருக்கும்போது, வேப்பனப்பள்ளி பக்கம் கொட்டின மழை தனியா வந்து அணையை ரொப்பிடும்.

நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் கவனமா கேளுங்க. எல்லாரும் அணையில எத்தனை அடின்னு பார்க்குறாங்க. கே.ஆர்.பி. 52 அடி. இப்ப 45 அடின்னா, 'இன்னும் 7 அடி இருக்கு'ன்னு தூங்கப் போயிடுறாங்க. அடியை மட்டும் பார்க்காதீங்க, நீர்வரத்தைப் பாருங்க. கணக்கு போட்டுக் காட்டுறேன். ஒரு கன அடின்னா 28.3 லிட்டர். வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தா ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. கே.ஆர்.பி. அணையோட கொள்ளளவு சுமார் 1.66 டி.எம்.சி.தான். வினாடிக்கு 20,000 கன அடி வந்துச்சுன்னா, ஒரு சொட்டு தண்ணி இல்லாத அணையே 23 மணி நேரத்துல ரொம்பிடும். பாதி இருந்தா பன்னண்டு மணி நேரம்கூட தாங்காது. அதாவது, பெரிய வெள்ளத்தைப் பிடிச்சு நிறுத்துற அளவு இடம் இந்த அணையில கிடையாது. வர்றதை அப்படியே வெளியில விட்டாகணும். மேட்டூர் மாதிரி இதை நெனச்சுடக் கூடாது.

அதனால கெலவரப்பள்ளியில வெளியேத்துற கன அடிதான் உங்களுக்கு முதல் எச்சரிக்கை மணி. ஏன்னா கே.ஆர்.பி.யில தொறந்த செய்தி வரும்போது உங்களுக்கு நேரமே இருக்காது. வெள்ளம் மணிக்கு 4-ல இருந்து 7 கிலோமீட்டர் வேகத்துல வருதுன்னு வச்சுக்குங்க. இது தோராயம்தான். உங்க நிலம் அணையிலிருந்து ஆத்து வழியா 10 கி.மீ.ன்னா, ஒன்றரையிலிருந்து ரெண்டரை மணி நேரத்துல தண்ணி உங்க வரப்புக்கு வந்துடும். கெலவரப்பள்ளியிலிருந்து கே.ஆர்.பி.க்கு 50 கி.மீ.க்கு மேல. அங்க தொறக்கிறதைப் பிடிச்சீங்கன்னா அரை நாள் அளவுக்கு உங்க கையில இருக்கும்.

இதுக்கும் மேல போகணும்னா கர்நாடகத்தைப் பாருங்க. பெங்களூரு ஊரகம், கோலார் மாவட்டங்களுக்கு வானிலைத் துறை என்ன எச்சரிக்கை நிறம் குடுத்திருக்குன்னு பாருங்க. கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்து அளவுல தானியங்கி மழைமானி வச்சு, பெஞ்ச மழையை வெளியிடுது. நம்ம மாவட்ட எச்சரிக்கையை மட்டும் பார்த்துட்டு, இங்க வெயிலடிக்குதேன்னு இருந்தா, ஆத்துல வர்ற தண்ணிக்கு அது தெரியாது.

இப்ப எங்கெங்க பார்க்கிறதுன்னு சொல்றேன். இந்திய வானிலை ஆய்வு மையத்தோட மௌசம் தளத்துல மாவட்ட வாரியா அஞ்சு நாள் எச்சரிக்கை இருக்கு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அதுலயே 'நௌகாஸ்ட்'னு அடுத்த 3 மணி நேரத்துக்கு ஒண்ணு வரும். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட 'சசேத்' செயலி தமிழ்லயே இருக்கு. மத்திய நீர்வள ஆணையத்தோட 'ஃப்ளட்வாட்ச் இந்தியா' செயலியில ஆத்து நீர்மட்ட நிலையங்கள் நிறத்தோட தெரியும். தமிழ்நாடு அரசோட 'டி.என். அலர்ட்' செயலி. அப்புறம் மாவட்ட நிர்வாகத்தோட அதிகாரப்பூர்வ பக்கம். கன அடி கணக்கு பெரும்பாலும் அங்கதான் சீக்கிரம் வரும். இவ்வளவு போதும். செயலியைப் போட்டதும் போன் செட்டிங்ஸ்ல போயி, பேட்டரி சேமிப்புல இருந்து அதுக்கு விலக்கு குடுத்துடுங்க. இதைச் செய்யாததாலதான் எத்தனையோ போன்ல எச்சரிக்கை விடிஞ்சப்புறம் வந்து நிக்குது. தப்பு செயலி மேல இல்ல, போன் அதைத் தூங்க வச்சிடுது.

நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சிவப்புன்னா உங்க நிலத்துல கொட்டும்னு அர்த்தம் இல்ல. மாவட்டத்துல ஏதோ சில இடத்துல 24 மணி நேரத்துல 20 செ.மீ.க்கு மேல பெய்யலாம், தயாரா இருங்கன்னு அர்த்தம். கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையில இருந்து ஊத்தங்கரை வரைக்கும். ஒரு மூலையில கொட்டும், இன்னொரு மூலையில தூறல்கூட இருக்காது. அப்புறம், மழை அளவுங்கிறது காலை எட்டரையில இருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்கும். 'இன்னைக்கு 12 செ.மீ.'ன்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் நேத்து பெஞ்சது. சேட்டிலைட் படத்துல நேரம் UTC இல்ல GMT-ன்னு போட்டிருந்தா, அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். இதைக் கூட்டாம, பழைய மேகத்தைப் பார்த்துட்டு இப்ப இங்க இருக்குன்னு நெனச்சுக்கிறவங்க உண்டு.

ஊத்தங்கரையில நடந்தது வேற மாதிரி. 2024-ல ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிகிட்ட, நவம்பர் 30 ராத்திரி. அது உள்ள நகர்ந்து வந்து, டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல ஊத்தங்கரையில 50 செ.மீ. பெஞ்சிடுச்சு. அரூர்ல 33 செ.மீ. ஏரித் தண்ணி ரோட்டுல பாஞ்சு, நின்ன வண்டிகளை இழுத்துட்டுப் போச்சு. அங்க கெலவரப்பள்ளியைப் பார்த்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, தண்ணி ஊருக்கு மேலயே விழுந்தது. சென்னையில இருக்கிற மழை ரேடாரோட படமும் நமக்கு முழுசா உதவாது. சென்னையில இருந்து நாம 200 கி.மீ.க்கு மேல இருக்கோம். பூமி வளைஞ்சிருக்கிறதால, அவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள ரேடார் கதிர் தரையிலிருந்து நாலஞ்சு கிலோமீட்டர் உசரத்துக்குப் போயிடும். அதுக்குக் கீழ இருக்கிற மேகம் அதுல படாது. ரேடார்ல ஒண்ணுமில்லைன்னா மழை இல்லைன்னு எடுத்துக்காதீங்க.

அதனால உங்க வீட்டு மழையை நீங்களே அளங்க. அடியும் வாயும் ஒரே அகலம் இருக்கிற நேரான டப்பா ஒண்ணு. வாளி வேணாம், அது மேல அகலமா இருக்கும், அளவு தப்பா காட்டும். மரம், கூரை இல்லாத இடத்துல, மண் தெறிக்காத உசரத்துல, ஒரு கல்லு மேல வைங்க. ஸ்கேலை உள்ள விட்டுப் பார்த்தா நிக்கிற தண்ணி எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் மழை. ஒரு மில்லிமீட்டர்னா ஏக்கருக்கு 4,000 லிட்டர். ஒரு மணி நேரத்துல 50 மி.மீ. ஏறிச்சுன்னா, எந்தச் செயலி என்ன சொன்னாலும், ஏரிக்குக் கீழ இருக்கிறவங்களை எழுப்பிடுங்க. அது என் கணக்கு. உங்க ஏரிக்கரை பலவீனமா இருந்தா இன்னும் குறைச்சுக்குங்க.

இப்ப அந்த வாட்ஸ்அப் விஷயம். பத்து குரூப்புல ஒரே மெசேஜ் வந்தா அது பத்து ஆதாரம் இல்ல, ஒண்ணுதான். முன்னறிவிப்பு ஒரு வகை, அளந்த எண் ஒரு வகை, நேர்ல பார்த்த ஆளு ஒரு வகை. இந்த மூணுல வேற வேற வகை ரெண்டு ஒத்துப்போனா நகர ஆரம்பிங்க. அணைகிட்டயும் ஓசூர்ப் பக்கமும் ஆத்தோரமா இருக்கிற ரெண்டு பேரோட நம்பரை வெயில் காலத்துலயே வாங்கி வைங்க. அணைப் பூங்காவுக்குப் போற தரைப்பாலத்து மேல தண்ணி போகுதான்னு கேட்டா ஒரு நிமிஷத்துல பதில் வந்துடும்.

வீடியோ வந்தா முதல்ல தேதி. 2017 நவம்பர்ல கே.ஆர்.பி. அணையோட முதல் மதகு உடைஞ்சது உண்மை. அந்தக் காட்சியை இன்னைக்கு யாராவது அனுப்பினாலும் 'இப்ப உடைஞ்சிடுச்சு'ன்னுதான் கண்ணுக்குப் படும். வீடியோவை நிறுத்தி, தெளிவா இருக்கிற இடத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸ்ல போடுங்க. பழைய செய்தியில இருந்தா வந்துடும். ஒண்ணும் வரலைன்னா புதுசுன்னு முடிவு பண்ணாதீங்க, அப்பதான் ஆளுக்குப் போன் போடணும். இதை முடிக்கிற வரைக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. பொய் எச்சரிக்கை ரெண்டு தடவை வந்தா, மூணாவது தடவை நெசமா வரும்போது ஜனங்க எந்திரிக்க மாட்டாங்க. '5 மாவட்டங்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை'ங்கிற தலைப்புக்கும் அதே கதிதான். தலைப்பு ஒவ்வொரு வருஷமும் ஒண்ணுதான், அதுக்குக் கீழ எத்தனை கன அடின்னு இருக்கிறதைப் படிங்க.

கடைசியா உங்க சொந்த அட்டவணை. பாலத்துத் தூணுலயோ படித்துறையிலயோ பெயின்ட்ல அடிக்கு ஒரு கோடு போடுங்க. ஒவ்வொரு தடவை அணையைத் தொறக்கும்போதும் நோட்டுல நாலு விஷயம்: எத்தனை மணிக்குத் தொறந்தாங்க, எத்தனை கன அடி, உங்க கோட்டுக்குத் தண்ணி எப்ப வந்துச்சு, எந்தக் கோடு வரைக்கும் ஏறிச்சு. நாலஞ்சு தடவை எழுதினீங்கன்னா, இத்தனை கன அடிக்கு இந்த வரப்பு முழுகும்னு உங்களுக்குத் தெரிஞ்சு போகும். எந்தச் செயலியிலயும் இந்த எண் கிடையாது. அதை வச்சு மூணு படி எழுதுங்க. முதல் படியில செலவில்லாத வேலை மட்டும்: போன் சார்ஜ், டார்ச், தீவனத்தை மேல ஏத்துறது. ரெண்டாவதுல மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டுறது, மோட்டாரைக் கழட்டுறது. மூணாவதுல ஆளுங்க கிளம்புறது. முதல் படி வீணாப் போனாலும் நட்டம் இல்லாம இருக்கணும், அப்பதான் ஒவ்வொரு தடவையும் செய்வீங்க.

மோட்டார்னு சொன்னதால ஒண்ணு சொல்லிடுறேன். அடியில இருக்கிற நாலு போல்ட்டும் துரு பிடிச்சிருந்தா ராத்திரியில கழட்டவே முடியாது. ஐப்பசிக்கு முன்னாடியே ஒரு தடவை கழட்டி, கிரீஸ் தடவி மாட்டி வைங்க. அதுக்கு ஏத்த ஸ்பானரை ஸ்டார்ட்டர் பெட்டிகிட்டயே கம்பியில கட்டித் தொங்க விடுங்க. தண்ணி ஸ்டார்ட்டரைத் தொட்டுடுச்சுன்னா கிட்ட போகாதீங்க, மோட்டார் போனா போகுது, லைன்மேனுக்குப் போன் பண்ணுங்க.

குரூப்புல போடுற மெசேஜையும் ஒரே மாதிரி வச்சுக்குங்க. மாதிரிக்கு: 'இரவு 9.40. கெலவரப்பள்ளி வெளியேற்றம் இத்தனை கன அடி. மாவட்ட நிர்வாகப் பக்கம் பார்த்தது. ஆத்தோர மாடுகளை இப்பவே ஓட்டவும். அடுத்த தகவல் 11 மணிக்கு.' நேரம் இல்லாத மெசேஜ் மறுநாளும் சுத்திக்கிட்டே இருக்கும். மழை நாள்ல குரூப்பை அட்மின் மட்டும் போடுற மாதிரி மாத்திடுங்க.

ஒகேனக்கல் பக்கம் இருக்கிறவங்களுக்கும் வழி இதேதான். கர்நாடகத்துல இருக்கிற கே.ஆர்.எஸ்., கபினி அணைகளோட வெளியேற்றத்தையும், காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற பிலிகுண்டுலுவோட அளவையும் சேர்த்துப் பாருங்க. இடிக்கு 'தாமினி' செயலி போதும்.

ராத்திரிக்கு ரெண்டு வீட்டுக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்குங்க. அவரோட போன் சைலன்ட்ல இருக்கக் கூடாது. கரண்ட் போனா டவரும் போகலாம், அதனால கோயில் மைக்குக்கு ஒரு பேட்டரியைத் தனியா சார்ஜ் போட்டு வைங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இந்த ரெண்டையும் கதவுக்குப் பின்னால சாக்பீஸ்ல எழுதிடுங்க.