கெத்செமனேயில் ஒலித்த ‘அப்பா’

அன்பார்ந்த பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

மாற்கு 14ஆம் அதிகாரம், 36ஆம் வசனம். கைதாகும் முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபம் அது; “அப்பா பிதாவே” என்று தொடங்குகிறது. அதில் முதல் சொல்லைத் தமிழ் என்று எண்ணியே நம்மில் பலர் வாசித்துக் கடந்துவிடுகிறோம். அது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். கிரேக்க மூலத்திலும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. நம் சொல்லோடு அது ஒத்து ஒலிப்பது தற்செயல். குழந்தையின் உதட்டில் முதலில் பிறக்கும் ஒலிகள் எந்த ஊரிலும் தாய்க்கும் தகப்பனுக்கும்தானே போய்ச் சேருகின்றன! இதைக் காட்டி, இயேசுவுக்குத் தமிழ் தெரியும் என்று வாதாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் தமிழருக்கு இங்கே ஒரு பாக்கியம் உண்டு. ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் இச்சொல்லை ஆராய்ந்து எழுதிய பிறகு, இது சிறுபிள்ளையின் மழலை என்ற கருத்து பிரசங்க மேடைகளில் பரவிவிட்டது. வளர்ந்தவர்களும் தகப்பனை இப்படித்தான் அழைத்தார்கள் என்று 1988இல் வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் எடுத்துக்காட்டினார். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐம்பது வயதில், நரைத்த தலையோடு, நிலத்தை விற்கும் முன் திண்ணையில் வந்து உட்கார்ந்து “அப்பா, என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்கும் மகனை நாம் பார்த்திருக்கிறோம். அவன் வாயில் அது மழலையா? உரிமையும் பணிவும் ஒரே மூச்சில் வருகிற சொல் அது. கெத்செமனேயில் தரையில் விழுந்து கிடந்தவரும் அப்படித்தான் கேட்டார். வரவிருந்த பாடுகளாகிய பாத்திரத்தை எடுத்துவிடும் என்றார். உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்றும் சொன்னார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இயேசு சொன்ன “தலீத்தாகூமி”, “எப்பத்தா” ஆகிய அரமேயச் சொற்களை எழுதும்போது அவற்றின் பொருள் இன்னது என்று மாற்கு விளக்குகிறார். இங்கே விளக்கவில்லை, ‘பிதாவே’ என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வருவதே மூன்று இடங்களில்தான். மற்ற இரண்டும் பவுலின் நிருபங்களில்: ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. அங்கும் இதே ஜோடிதான். ரோமாபுரிச் சபையைப் பவுல் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கிரேக்கத்தில் எழுதுகிறார், அவர்களுக்கு இந்த அரமேயச் சொல்லின் பொருளைச் சொல்லித்தரவும் இல்லை. ஏற்கெனவே அவர்கள் ஜெபத்தில் அது இருந்திருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். ‘கூப்பிடுகிறோம்’ என்று அவர் எழுதும் கிரேக்க வினைக்கு உரக்கக் கூவுதல் என்று பொருள். பொருளை மட்டும் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆண்டவர் உச்சரித்த ஒலியே வேண்டியிருந்தது.

மாற்குவில் அந்தச் சொல் மறுபடி வருவதில்லை. மறுநாள் பிற்பகல், சிலுவையில், இயேசுவின் வாயில் மீண்டும் அரமேயம் கேட்கிறது. அப்போது அவர் ‘என் தேவனே, என் தேவனே’ என்ற பொருளில் கூப்பிட்டது, “எலோயி, எலோயி”.