நிழலுக்குத்தான் கனம் அதிகம்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு இதுதான்: ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’ வீடியோ விளையாட்டின் கதையைத் தாங்கி நிற்பது யசுகேயின் வாளா, நவோயேயின் நிழலா? விளையாடாதவர்களுக்காக இரண்டே வரி. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் கியூபெக் ஸ்டுடியோ செய்து, 2025 மார்ச் 20 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் நடக்கும் கதை. நாயகர்கள் இருவர்: ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சாமுராய் வீரர் ஆகும் யசுகே, இகா நாட்டுப் பெண் நிஞ்சா நவோயே. நான் நவோயேயின் கட்சி.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “யசுகே நிஜ மனிதர். 1581இல் போர்ப் பிரபு ஒடா நோபுனாகாவைச் சந்தித்தார், நோபுனாகாவிடம் பணியாற்றினார், சரித்திரத்தில் பெயர் இருக்கிறது. நவோயே வெறும் கற்பனை” என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, பெயரைப் பதிவுசெய்துவிட்டுப் போகிற நிஞ்சா என்ன நிஞ்சா? ஒளிந்து வாழ்வதுதானே அவர்கள் தொழில்! நவோயே கற்பனைதான். அவள் ஊர் எரிந்தது கற்பனை இல்லை.

இகா என்பது இன்றைய மியே மாகாணத்தின் மேற்குப் பகுதியில், மலை சூழ்ந்த சின்ன நாடு. அங்கே பெரிய பிரபு என்று யாரும் கிடையாது, ஊர்க் குடும்பங்களே கூடி ஆண்டார்கள். 1579இல் நோபுனாகாவின் மகன் அப்பாவிடம் கேட்காமலேயே படையெடுத்துப் போய், அடி வாங்கித் திரும்பினான். அப்பாவிடம் வசவும் வாங்கினான். 1581இல் நோபுனாகாவே பல்லாயிரம் பேர் கொண்ட படையை அனுப்பினார். இகா அழிந்தது. நவோயேயின் கதை தொடங்குவது அந்த நெருப்பில்தான். ஒரு பெட்டியைக் காப்பாற்றச் சொல்லி அப்பா அவளை அனுப்புகிறார். முகமூடிக்காரர்கள் அதைப் பறித்துக்கொள்கிறார்கள். அவள் கண்ணெதிரேயே அப்பாவைக் கொல்கிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், இங்கே பாதிப் பேர் இன்னும் விளையாடி முடிக்கவில்லை.

சரி, “இந்தச் சோகத்தைச் சினிமாவாகவே எடுத்திருக்கலாமே, கையில் கன்ட்ரோலர் எதற்கு?” என்று கேட்பீர்கள். அங்கேதான் என் கட்சி இருக்கிறது.

நவோயேயை வைத்து மூன்று காவலர்களை நேருக்கு நேர் எதிர்த்துப் பாருங்கள். நாலு அடியில் சுருண்டு விழுவாள். நான் முதல் வாரம் முழுக்க விழுந்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது: எழுந்து நிற்கக் கூடாது, தரையோடு தரையாக ஊர வேண்டும். குளத்தில் மூழ்கி மூங்கில் குழாயால் மூச்சுவிட வேண்டும். குளிர்காலம் வந்தால் அந்தக் குளமும் உறைந்துபோகும், ஒளிய இடமில்லை. கூரை ஓரத்தில் தொங்கும் பனிக்குச்சி உடைந்து விழுந்தால் அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். ஊரை இழந்தவளுக்கு உலகத்தில் எங்குமே இடமில்லை என்பதை எந்த வசனமும் எனக்குச் சொல்லவில்லை, உறைந்த குளம் சொன்னது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது விளக்கு. வெளிச்சத்தில் நின்றால் நவோயே மாட்டிக்கொள்வாள், அதனால் போகிற இடமெல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டே போக வேண்டும். ஒருநாள் இரவு நான் விளையாடும்போது அம்மா பின்னால் வந்து நின்றார்கள். “விளக்க அணைச்சிட்டேன்மா, தப்பிச்சிட்டா” என்றேன். “அணைச்சிட்டேன்னு சொல்லாதடா, குளிர வச்சேன்னு சொல்லு” என்றார்கள். அணை என்ற சொல்லையே வாயில் எடுக்காத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வரிசையாக ஊர் விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டிருக்கிறேன்! மனசுக்குள் ஏதோ பிசகியது. ஒரு பெண் உயிரோடிருக்க இருட்டு தேவைப்படுகிறது என்றால் அவளை அந்த நிலைக்குத் தள்ளியது யார்? அந்தக் கேள்வி அன்றைக்கு வந்ததுதான், இன்னும் போகவில்லை.

இப்போது யசுகேக்கு வருவோம். நல்ல மனிதர், மறுக்கவில்லை. பூட்டிய கதவு இருந்தால் முட்டி உடைத்துக்கொண்டு போவார். உயரத்திலிருந்து வைக்கோலில் குதிக்கச் சொன்னால், நவோயே பறவை மாதிரி இறங்குவாள். இவர் அரிசி மூட்டை மாதிரி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவார். அவர் வரும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, தெம்பு வருகிறது, பயம் வரவில்லை. பயமில்லாத இடத்தில் இருண்ட கதை எப்படி நிற்கும்? விளையாட்டைச் செய்தவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, அப்புறம் பல மணி நேரத்துக்கு யசுகேயை நம் கையில் கொடுக்கவே இல்லையே!

“இகாவை அழித்த படையோடு வந்தவர் யசுகே, அந்தக் குற்றவுணர்வுதான் கதையின் உச்சம்” என்றும் நண்பர் சொன்னார். நல்ல வாதம், கொஞ்சம் ஆடித்தான் போனேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தன் ஊரை எரித்த படையில் நின்றவனோடு தோள் சேர்ந்து நடக்க முடிவெடுப்பது யார்? வருந்துவதும் கஷ்டம்தான். அந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்வது அதைவிடக் கஷ்டம். அது அவள் சுமை.

இன்னொன்று. பெண் நிஞ்சாவை ஜப்பானில் குனோயிச்சி என்பார்கள். ‘கு’, ‘நோ’, ‘இச்சி’ என்ற மூன்று எழுத்துகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால் ‘பெண்’ என்ற எழுத்து வந்துவிடும். பெயரிலேயே ஒளிவு. 1676இல் தொகுத்த ‘பன்சென்ஷுகாய்’ என்ற நிஞ்சா நூல், ஆண்கள் நுழைய முடியாத இடத்துக்குப் பெண்ணை அனுப்பும் உத்தியைச் சொல்கிறது. கூரை மேல் பாய்வதை அல்ல. விளையாட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. சகாய் நகரில் நவோயே தேநீர்ச் சடங்கு பழகி, விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து, எதிரியைத் தேடுவாள். ஒரு துளி ரத்தம் இல்லை. கிண்ணத்தைச் சரியாகப் பிடிக்கிறோமா என்று எனக்குக் கை நடுங்கியது. யசுகே எத்தனை கோட்டைக் கதவு உடைத்தாலும் அந்த நடுக்கத்தைத் தரவில்லை.

அப்புறம் குஜிகிரி. நவோயே மண்டியிட்டு, விரல்களால் முத்திரை பிடித்துத் தியானிப்பாள். நாம் நேரம் தப்பாமல் பொத்தானை அமுக்க வேண்டும். சில இடங்களில் அந்தத் தியானம் அவளைச் சிறுவயதுக்குக் கொண்டுபோய், அப்பாவிடம் பயிற்சி பெற்ற நாட்களில் விடும். கண்ணைத் திறந்தால் மறுபடி தனியாகக் காட்டில். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் நான் எந்தக் காவலரையும் தேடிப் போகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். யசுகேயாக இருந்தால் மணியையே உடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். நவோயேயாக இருந்தால் நீங்கள் அடிப்பதற்குள் மேடையில் இருக்க மாட்டாள். நான் என் கட்சிப்படியே நடக்கிறேன், வணக்கம்.